மீனுக்கு ஊற்றிய மூன்று தண்ணீர்

பார்க்காத மீன்களைக் கொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்தவள் நான். பதுளைக்குப் போன கதையை எங்கே தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் நோய் பார்ப்பது என் வேலை. மீனின் செவுளையும் உடம்புச் சளியையும் கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்து, இது பேன், இது புழு, இது பூஞ்சை என்று சொல்வேன். ஒரு பயிற்சி வகுப்புக்காகக் கொழும்பு போகப் பத்து நாள் இருந்தபோது, அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கும் தோழி ரஞ்சனி நான்கு புகைப்படங்கள் அனுப்பினாள். பசறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளில் மீன் வளர்க்கிறார்களாம். மீன் செத்து மிதக்கிறதாம். என்ன செய்வதென்று தோட்ட நிர்வாகம் எழுத்தில் கேட்கிறதாம்.

படத்தில் மீன் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே பதிலை யோசித்து, கை கழுவியதும் எழுதினேன். 'கடுமையான ஒட்டுண்ணித் தொற்று. இரண்டு தொட்டி மீன்களையும் அழித்து, குளோரின் இட்டு, காய விடவும்.' கீழே பெயர், பதவி, கையெழுத்து. பத்து நிமிட வேலை.

நான்கு நாள் கழித்து ஒரு பெண்ணின் குரல்பதிவு வந்தது. ரஞ்சனி அதை எனக்கு அனுப்பியிருக்கவே வேண்டியதில்லை. ஆனாலும் அனுப்பினாள். "ஒருதரம் வந்து பாத்துட்டுச் சொல்லச் சொல்லுங்க. பாக்காம எப்படிங்க சொல்றது? ரெண்டாவது தொட்டியில மீனு நல்லாத்தானே இருக்கு." அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன், கெஞ்சியிருந்தால் பரிதாபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். அவள் கேள்வி கேட்டிருந்தாள், அதற்கு நேரில் போய்ப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. பயிற்சி முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டியவள் மூன்று நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, நுண்ணோக்கிப் பெட்டியோடு பதுளை ரயிலில் ஏறினேன்.

திங்கட்கிழமை காலையில் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பாணும் பருப்பும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் சாப்பிட்டேன். பாண் என்றால் ரொட்டி, ரொட்டி என்றால் வேறொன்று. இந்த விவரம் தெரியாமல் கேட்டு இரண்டையும் வாங்கி, இரண்டையும் தின்று தீர்த்தேன். தேநீர் கேட்டபோது பால் இல்லாத கறுப்புத் தேநீரும் கூடவே ஒரு கரண்டி சீனியும் வந்தன. எதிரே இருந்தவர் சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, நக்கி நக்கி ஒவ்வொரு மிடறாகக் குடித்தார். நானும் அப்படியே குடித்துப் பார்த்தேன். எங்கள் ஊர் டிகிரி காப்பிக்குத் துரோகம் செய்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

பிபிலை போகும் தனியார் பஸ்ஸில் கூட்டம். என் பெட்டியை வாங்கி ஓட்டுநருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியின் மேல் வைத்தார்கள். முன்னிருக்கையில் இரண்டு சிங்களப் பெண்கள் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூட ஆசிரியை சிரித்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னார். "அது ஆர்மோனியப் பெட்டியாம். நீங்க கோயில்ல பாட வந்திருக்கீங்கன்னு ஒருத்தங்க சொல்றாங்க. இன்னொருத்தங்க, இந்த மூஞ்சியப் பாத்தா பாடுற மூஞ்சியாத் தெரியலைங்கிறாங்க." இரண்டாவது பெண்ணுக்கு ஆளை எடைபோடத் தெரிந்திருக்கிறது.

வளைவு வளைவாக ஏறி இறங்கிப் பசறைக்கு வந்து சேர்ந்தபோது, தின்ற ரொட்டி தொண்டை வரை வந்திருந்தது. தலைசுற்றலோடு இறங்கி, கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, இஞ்சி போட்ட தேநீர் இரண்டு மிடறு குடித்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது. பஸ் போய்விட்டிருந்தது. என் நுண்ணோக்கி, ஆர்மோனியம் என்ற பெயரில், அடுத்த ஊரான லுணுகலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நான் போட்ட கூச்சலில் கடைக்கார நானா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்பார்கள். வெள்ளைத் தொப்பி, சாரம், நிதானமான மனிதர். "பயப்புட வாணாம் மிஸ். அந்த பஸ்ஸு கொண்டக்டர் நமக்குத் தெரிஞ்ச ஆளு. பொட்டி எங்கயும் போகாது" என்றார். தொலைபேசியில் சிங்களத்தில் ஏதோ பேசினார். பெட்டி பத்திரம், ஆனால் திரும்பி வருவது நாளைக் காலை பஸ்ஸில்தான். "பொட்டிக்குள்ள என்ன ஈக்கி மிஸ்?" என்று கேட்டார். மீனுக்கு வந்த வியாதியைப் பார்க்கும் கருவி என்றேன். மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இன்டைக்குக் கண்ணால பாருங்க" என்றார். அந்த வார்த்தையின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஆட்டோவுக்கு அங்கே த்ரீவீல் என்று பெயர். சேறும் கல்லுமான தோட்டப் பாதையில் அது என்னைக் குலுக்கிக் கொண்டுபோய் இறக்கிய இடத்தில் செல்வமணி நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், தலையில் இன்னும் கூடைக்கயிறு பதிந்த தடம். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, பதிவில் பேசியவள் இவள்தான்.

"ரஞ்சனி மிஸ்ஸோட கூட்டாளிங்களா? மீன் பாக்கத் தெரியுமாமே. வாங்க வாங்க" என்று என் பையை வாங்கிக்கொண்டாள். ஆமாம் என்றேன். அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய். பயந்தேன்.

நடந்துகொண்டே நிலவரத்தைச் சொன்னாள். அவளோடு சேர்த்து ஆறு பெண்கள். சும்மா கிடந்த இரண்டு பழைய தண்ணீர்த் தொட்டிகளை, தோட்டத் துரையின் பின்னாலேயே இரண்டு வருடம் அலைந்து கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதில் வளரும் மீன் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு, அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் காப்பகத்துக்கு, வாரம் இரண்டு நாள் போகிறது. மீதி ஆறு வீட்டுக்கும். இப்போது புதன்கிழமை குளோரின் கொட்டப் போகிறார்கள். கொட்டிவிட்டால் தொட்டி மறுபடி கைக்கு வராது.

"இந்தியாவுல இருக்கிற ஒரு மீன் டாக்டர் எழுதின கடுதாசியாம். பெரட்டுல வச்சு வாசிச்சாங்க மிஸ்" என்றாள். பெரட்டு என்பது காலையில் எல்லாத் தொழிலாளர்களையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரம். "முன்னூறு பேருக்கு முன்னால, செல்வமணி வளத்த மீனு சீக்கு மீனு, ரெண்டு தொட்டியையும் அழிக்கணும்னு வாசிச்சாங்க. எம்பொண்ணு கூட நின்னுகிட்டிருந்துச்சு. அந்தாளு மட்டும் எங்கையில கெடைச்சாருன்னா..." என்று பல்லைக் கடித்தாள். அந்தாளு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

தொட்டிகள் இரண்டும் ஒரு சரிவின் இரண்டு பக்கங்களில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பீலி. ஓடையிலிருந்து தண்ணீர் விழும் குழாய்க்கு அங்கே அப்படிப் பெயர். முதலில் மீன் விட்டதைப் பழைய தொட்டி என்றும், பிறகு விட்டதைப் புதுத் தொட்டி என்றும் சொன்னார்கள். பழைய தொட்டியைப் பார்த்ததும் என் பயமெல்லாம் போய்க் கோபம் வந்தது. தண்ணீருக்குள் மூட்டை மூட்டையாக வேப்பிலை! பச்சைத் தழை அழுகி, தண்ணீர் கறுத்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன.

"யார் இதைப் போட்டது?" என்றேன்.

"நாங்கதான். அம்மா போட்டிருக்கில்ல மிஸ்" என்றாள் செல்வமணி, இதுகூடவா தெரியாது என்ற குரலில். "பாருங்க, ஒடம்பெல்லாம் முத்து."

மீனுக்கு அம்மை! எங்கள் ஊரிலும் அம்மைக் கொப்புளத்துக்கு முத்து என்றுதான் பேர். மீனின் உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவியது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. கண்ணை மூடித் திறந்து பார்த்தால் முத்துதான். மலையில் வேப்பமரம் கிடையாது என்பதால் வெல்லவாயவிலிருந்து பஸ்ஸில் இலை வரவழைத்திருக்கிறார்கள். மீன் வளர்க்கும் ஆறு வீட்டிலும் பதினைந்து நாளாக மீன் சமைக்கவில்லையாம், மரக்கறிதானாம். மீனுக்கு வந்த அம்மைக்காக மீனே தின்னாமல் விரதம் இருந்தவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"இலையை எடுங்க முதல்ல" என்றேன்.

"அம்மா எறங்குறதுக்கு முந்தி வேப்பிலையை எடுக்கக் கூடாது."

"உங்க பிள்ளைக்கு அம்மை போட்டா வேப்பிலையை எங்கே வைப்பீங்க?"

"நெலையில சொருகுவோம். பிள்ளைக்குப் பக்கத்துல வைப்போம்."

"பிள்ளை மூக்கில அடைப்பீங்களா?"

அவள் என்னை முறைத்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். மீன்கள் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. "இந்தத் தண்ணி அதுங்களுக்கு மூக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். அவளோடு இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். அழுகிய இலை போக, வாடாத கொத்துகளைத் தொட்டியைச் சுற்றிய வேலிப் படலில் தோரணமாகக் கட்டினோம். அம்மனுக்கும் குறையில்லை, மீனுக்கும் மூச்சு வந்தது. செத்த மீன்களில் ஒரு பங்கு நோயால் சாகவில்லை, இலையால் செத்திருக்கிறது. அதை அவர்களிடம் சொன்னேன். அவர்களில் ஒருத்தி அழுதாள்.

செல்வமணி குளித்துச் சேலை மாற்றி வந்து, என் காலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பிறகு புதுத் தொட்டிக்குப் போனோம். கையில் கருவி இல்லாததால் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. நோயுற்ற மீன் சுவரில் உரசும், பீலித் தண்ணீர் விழும் இடத்தில் கும்பலாக ஒதுங்கும், இரைக்கு வராது. இங்கே ஒன்றுகூட அப்படி இல்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு இரைக்கு வந்தன. எங்கள் ஊரில் இந்தத் திலாப்பியாவை ஜிலேபி என்போம் என்றேன். "தின்னா இனிக்குமா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் எனக்குச் சந்தேகம் வந்தது. இருபது அடி தள்ளி இப்படி ஒரு தொற்று இருக்கும்போது இந்தத் தொட்டி எப்படித் தப்பியது? ஒரு ஈர வலை போதும், ஒரு வாளி போதும், நோய் வந்துவிடும்.

"அம்மை வூட்டு வாளி அடுத்த வூட்டுக்குப் போகலாமா?" என்றாள் செல்வமணி. முதல் முத்தைக் கண்ட அன்றே பழைய தொட்டியின் வாளி, வலை, விளக்குமாறு எல்லாவற்றிலும் மஞ்சள் துணி கட்டிவிட்டார்களாம். அங்கே இறங்குகிற மூன்று பேர் இங்கே வருவதில்லை. வரவேண்டியிருந்தால் குளித்து, சேலை மாற்றி, மஞ்சள் தண்ணீரில் கால் நனைத்துத்தான் வருவார்களாம். எங்கள் பண்ணையில் இதே சட்டத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். யாரும் படிப்பதில்லை.

இரண்டு தொட்டி மீன்களையும் அழிக்கவும் என்று நான் எழுதியது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

அன்று செல்வமணியின் லயத்து அறையில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், தங்கினேன். தேங்காய் போட்டுத் தட்டிய கனத்த ரொட்டி, காரமான சம்பல். பீலியில் குளித்தபோது பல் தந்தியடித்தது. எங்கள் ஊர் வெட்டாற்றில் முங்கிக் குளித்தவள் என்ற பெருமை ஒரு செம்புத் தண்ணீரில் கரைந்தது.

செவ்வாய்க்கிழமை, நானா சொன்னபடி பெட்டி வந்தது. லுணுகலையில் அதை ஒரு கடையில் புத்தர் படத்துக்குக் கீழே வைத்திருந்தார்களாம். சளியைத் தடவி நுண்ணோக்கியில் வைத்து, செல்வமணியைப் பார்க்கச் சொன்னேன். வட்டமான ஒரு உயிர், நடுவில் குதிரை லாடம் போல ஒரு வளைவு, மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தாள். "முத்து உருளுது" என்றாள்.

அவளுக்கு விளக்கினேன். இது மீனின் தோலுக்குள் புகுந்து தின்னும். வயிறு நிறைந்ததும் உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒரு கூடு கட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கில் குட்டி போடும். குட்டிகள் நீந்திப்போய் அடுத்த மீனைத் தேடும். தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் எந்த மருந்தும் எட்டாது, நீந்தும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கொல்ல முடியும். மலைத் தண்ணீரின் குளிரில் இதெல்லாம் மெதுவாக நடக்கும். மருந்து பெரிதாக ஒன்றுமில்லை, கல்லுப்புதான்.

சின்னத்துரை வந்தார். உதவி நிர்வாகி, முப்பது வயதுக்குள் இருக்கும். சிங்களவர், தோட்டத்துத் தமிழ் சரளமாகப் பேசினார். என் பெயரைக் கேட்டதும் புருவத்தை உயர்த்தி, என்னைத் தனியே அழைத்துப் போனார். "மிஸ், அந்த லெட்டர்ல இருந்த பேரும் இதுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அவங்ககிட்டச் சொல்லியாச்சா?" இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சரி. அது உங்க வேலை. எனக்கு லயத்துத் தண்ணி கெட்டுப்போகுமோன்னுதான் பயம்."

இந்த நோய் மனிதருக்கு ஒட்டாது என்றேன். அடுத்த வெள்ளி வரை தவணை கேட்டேன். ஒத்துக்கொண்டார். ஆனால் பெரிய துரையிடம் பேச அவருக்கு ஒரு கடிதம் வேண்டும், முதல் கடிதத்தில் கையெழுத்திட்டவரே இதிலும் கையெழுத்திட வேண்டும். எனக்கு மூன்று நாள் விடுப்பு என்பது இரண்டு வாரமானது. பண்ணை முதலாளியிடம் நான் வாங்கிய வசவு இங்கே வேண்டாம்.

நானாவின் கடையிலிருந்து அயடின் கலக்காத கல்லுப்பு வந்தது. தொட்டித் தண்ணீரைப் பாதியாக இறக்கி, அடியில் படிந்த வண்டலை, அந்தக் கூடுகளோடு சேர்த்து வழித்தெடுத்து, அன்று மாலையே முதல் உப்பைக் கரைத்து ஊற்றினோம். செல்வமணி அதில் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டாள். நான் கண்டுகொள்ளவில்லை.

வியாழக்கிழமை, மீன்களின் மேல் புள்ளிகளைக் காணோம். உடம்பு சுத்தமாக இருந்தது. பார்க்க வந்த சின்னத்துரை மகிழ்ந்துபோய், "சுகமாயிருச்சு, அப்ப லெட்டர எழுதுங்க" என்றார். இந்த நோயில் நாங்கள் தோற்பதே இந்த இடத்தில்தான். முத்து மறைவது சுகமானதால் இல்லை, தின்று கொழுத்தது அடிக்கு இறங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று நாளில் ஒன்றுக்கு நூறாக மேலே வரும். இதைச் சொல்லிச் சொல்லி முப்பது வருடமாக எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. புள்ளி மறைந்த பிறகு இரண்டாம் தடவை உப்புப் போட்ட பண்ணையாளரைத் தஞ்சாவூர் ஜில்லாவில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் தொண்டையைச் செருமுவதற்குள் செல்வமணி குறுக்கிட்டாள். "என்ன தொர பேசுறீங்க? முத்து எறங்கினா சரியாயிருமா? ஒரு தண்ணிதானே ஊத்தியிருக்கு. மூணு தண்ணி ஊத்தாம அம்மா எப்படிப் போவா?"

அம்மை இறங்கியவர்களுக்கு இடைவெளி விட்டு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் ஊரிலும் உண்டு. மூன்றாவது தண்ணீர் ஊற்றும்வரை அவர்கள் நோயாளிதான், வீட்டுக்குத் தீட்டுதான். சின்ன வயதில் எனக்கும் ஊற்றியிருக்கிறார்கள். முப்பது வருடத்தில் இது ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன். படித்தவளுக்கு எதுதான் நினைவிருக்கிறது.

"ரெண்டாந்தண்ணி வெள்ளிக்கெழம, மூணாந்தண்ணி அடுத்த செவ்வாய்" என்று அவளே நாள் குறித்தாள். நான் மனதுக்குள் போட்டிருந்த கணக்குக்கும் அதற்கும் அரை நாள்கூட வித்தியாசம் இல்லை. மூன்றாம் தண்ணீர் வரை வாளி மாறக் கூடாது, இந்தத் தொட்டி ஆள் அந்தத் தொட்டிக்குப் போகக் கூடாது, ஆறு வீட்டிலும் மரக்கறி. நான் எதையும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, உப்பு ஏற்றி வந்த த்ரீவீல் மழையில் சேற்றில் புதைந்தது. உப்பு மூட்டைக்குக் குடை பிடித்துக்கொண்டு நானும், த்ரீவீலைத் தள்ளிக்கொண்டு நான்கு பெண்களும். ஓட்டுநர் இறங்கி எனக்குக் குடை பிடித்தார். வண்டியை யார் ஓட்டுவது என்று ஒருத்தி கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்த செவ்வாய் மூன்றாம் தண்ணீர். வெள்ளி காலையில் இரண்டு தொட்டிகளிலும் பத்துப் பத்து மீன் எடுத்துச் செவுளும் சளியும் பார்த்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தேன். ஒன்றுமில்லை. பழைய தொட்டியில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகத் தப்பியிருந்தன, புதுத் தொட்டி முழுசாக இருந்தது.

"இனி இதுங்களுக்கு வராதில்ல மிஸ்? ஒருதரம் போட்டா மறுபடி போடாதும்பாங்க" என்றாள் செல்வமணி.

"பெரும்பாலும் அப்படித்தான். இந்த நோயில பிழைச்ச மீனோட சளியிலயே எதிர்ப்பு இருக்கும். மறுபடி அந்தக் குட்டி வந்தாலும் உள்ள புக விடாது. ஆனா காலத்துக்கும் இருக்கும்னு சொல்ல முடியாது. பழைய தொட்டி மீன்தான் இப்ப கெட்டி. புதுத் தொட்டி மீனுக்கு நோயே தெரியாது, அதைத்தான் பத்திரமாப் பாத்துக்கணும்." வெளியிலிருந்து வாங்கிய குஞ்சுகளை நேரே தொட்டியில் விட்டதுதான் நோய் வந்த வழி என்றும், இனி புதுக் குஞ்சுகளை இருபது நாளாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். "புது ஆளு வாசல்லயே நிக்கட்டும்" என்று தலையாட்டினாள்.

பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தொட்டிகளும் நோயற்றவை, மீன் வளர்ப்பைத் தொடரலாம், பிள்ளைக்காம்பராவுக்கு மீன் கொடுக்கலாம். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "உங்க பேர நல்லாப் பெரிசாப் போடுங்க மிஸ். அந்த இந்தியா டாக்டர் பேர விடப் பெரிசா இருக்கணும்" என்றாள்.

பேனாவைக் கீழே வைத்தேன். "செல்வமணி, அந்த டாக்டர் நான்தான்" என்றேன்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போக நேரமாயிற்று. பதினோரு நாள் என்னைத் தன் பாயில் படுக்க வைத்து, ரொட்டி சுட்டுப் போட்டவள். எழுந்து வாசலில் போய் நின்றாள். நான் சாக்குச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து, பத்து நிமிடத்தில் எழுதினேன் என்பதை மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "இதுல அது இல்லையே" என்றாள் கடிதத்தைக் காட்டி.

"எது?"

"மொதக் கடுதாசி தப்புன்னு இல்லையே. சீக்கு மீனு சுகமாயிருச்சுன்னுதான் இருக்கு. ரெண்டாந்தொட்டி சீக்கே இல்லாம இருந்துச்சு. பாக்காம அழிக்கச் சொன்னது தப்புன்னு எழுதுங்க. பெரட்டுல வாசிச்சதுக்கு பெரட்டுலதான் பதில் வாசிக்கணும். நீங்களே வாசிங்க."

எழுதினேன். 'தொட்டிகளை நேரில் பாராமல் நான் முன்பு எழுதிக் கொடுத்த கருத்து தவறானது. இரண்டாம் தொட்டியில் எப்போதும் நோய் இருக்கவில்லை. அதைக் காத்தவர்கள் இந்தப் பெண்கள்.' முப்பது வருடத்தில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு வரி அதுவரை எழுதியதில்லை.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பெரட்டுக்களத்தில் பனி இன்னும் விலகவில்லை. கூடையும் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குமாக ஆட்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். சின்னத்துரை என்னை முன்னால் வரச் சொன்னார். செல்வமணியின் மகள் முதல் வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கடிதத்தைப் பிரித்து வாசித்தேன். நடுவில் ஒரு வரி கேட்கவில்லை என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அது தவறானது என்ற வரிதான். மறுபடி சத்தமாக வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் கங்காணி பேர் கூப்பிடத் தொடங்கினார், ஆட்கள் மலைக்குப் பிரிந்தார்கள். செல்வமணி கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நாலு எட்டு வைத்து நின்று, திரும்பினாள்.

"பஸ்ஸு ஒம்பது மணிக்குத்தானே. பழைய தொட்டிக்கு நீங்களே எரை போட்டுட்டுப் போங்கக்கா" என்றாள்.